அடித்தளத்தில் நின்ற வாலிபர்

கச்சேரி முடிந்து வீடு திரும்பும் ரசிகர் ஒருவரை வழியில் நிறுத்தி, "இன்றைக்குக் கச்சேரி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பாடகரின் சாரீரத்தைப் பற்றிச் சொல்வார். பிடில்காரர் எந்த இடத்தில் எதிர்பாராத பிடி ஒன்றைப் பிடித்தார் என்று சொல்வார். மிருதங்கக்காரர் வைத்த கோர்வையைத் தம் தொடையிலேயே தட்டிக் காட்டினாலும் காட்டுவார். மேடையில் பின்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தம்புரா மீட்டியவர் யார் என்று கேட்டால்தான் விழிப்பார். தம்புரா ஒரு கணம் நின்றுவிட்டால் கச்சேரியே தள்ளாடிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது நிற்காத வரையில் அதை யாரும் நினைப்பதில்லை.

அமெரிக்க நாட்டு ஜாஸ் சங்கீதத்திலும் இப்படி ஒரு வாத்தியம் உண்டு. அதற்கு டபிள் பேஸ் என்று பெயர். உருவத்தில் பிடிலின் ஜாதிதான். ஆனால் பிடிலை மனிதன் தோளில் சாய்த்துக்கொள்கிறான். இதன்மீதோ மனிதன்தான் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டும். அவ்வளவு பெரியது. நான்கு தந்திகள். ஆகக் கீழான தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. ஜாஸ் கோஷ்டிகளில் பெரும்பாலும் வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் மீட்டுவதே வழக்கம். தாளத்தின் அடிகளை ஒன்று தவறாமல் எண்ணிக் காட்ட வேண்டும். அந்தந்த இடத்தில் மற்ற வாத்தியங்கள் சேர்ந்து எழுப்பும் ஸ்வரக் கூட்டுக்கு ஆதாரமான கீழ் ஸ்வரத்தையும் கொடுக்க வேண்டும். தம்புராவின் வேலையில் பாதி, மிருதங்கத்தின் வேலையில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பவர்களின் கவனத்தைப் பொறுத்தவரையில் இதன் கதியும் தம்புராவின் கதியேதான்.

அந்தக் கதியை மாற்றியவர் ஒரு வாலிபர். அவர் பெயர் ஜிம்மி பிளாண்டன். 1940-ஆம் வருஷத்தில் ஓர் இரவு அவர் பெரிய கோஷ்டி ஒன்றுடன் வாசித்தது பதிவாகி இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. அந்தப் பதிவைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

பிளாண்டன் 1918-ஆம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி டென்னஸி மாகாணத்தில் சட்டனூகா என்ற ஊரில் பிறந்தவர். தாயார் பியானோ வாசிப்பவர். பிள்ளை முதலில் பயின்றது பிடில். பிறகு காலேஜில் படிக்கும் நாளில் பேஸுக்கு மாறினார். படிப்பை விட்டுவிட்டு, மிஸிஸிப்பி நதிக் கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய் அங்கே ஒரு நடனக் கோஷ்டியில் சேர்ந்தார். கோடை காலத்தில் நதியில் செல்லும் உல்லாசக் கப்பல்களிலும் வாசித்தார்.

1939-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் ட்யூக் எல்லிங்டன் அந்த நகருக்கு வந்தார். எல்லிங்டன் என்றால் ஜாஸ் உலகில் சக்கரவர்த்தி என்றே சொல்லலாம். பியானோ வாசிப்பவர், கோஷ்டியின் தலைவர், நூற்றுக்கணக்கான உருப்படிகளை இயற்றியவர். அவருடைய தனிச் சிறப்பு ஒன்று உண்டு. வாத்தியத்துக்காக அவர் எழுதுவதில்லை. வாசிக்கும் ஆளுக்காகவே எழுதுவார். இன்னாருடைய ஊதலில் இன்ன குழைவு உண்டு, இன்னாருடைய மூச்சு இவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இருபத்தோரு வயது வாலிபர் பேஸ் மீட்டுவதைக் கேட்ட மாத்திரத்தில் எல்லிங்டன் அவரைத் தம் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்.

கோஷ்டியிலோ ஏற்கனவே ஒரு பேஸ்காரர் இருந்தார். பில்லி டெய்லர் என்று பெயர், அனுபவசாலி. எல்லிங்டன் அவரை நீக்கவில்லை. இருவரும் அடுத்தடுத்து நின்று சில வாரங்கள் வாசித்தார்கள். 1940 ஜனவரியில் டெய்லர் தாமாகவே விலகிக்கொண்டார். இந்தப் பையன் பக்கத்தில் நின்றுகொண்டு தினந்தோறும் வெட்கப்பட நம்மால் ஆகாது என்கிற பொருளில் அவர் ஏதோ சொல்லிவிட்டுப் போனதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், தம்மைவிட இளையவரின் திறமையைக் கண்டு வழிவிட்ட அந்தப் பெரிய மனசுக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு மேலே போவோம்.

அப்படி என்னதான் செய்தார் பிளாண்டன்? அவருக்கு முன்னால் பேஸ்காரர்கள் பொதுவாக அடிக்கு ஒரு ஸ்வரம் வீதம் மீட்டிக்கொண்டு போவார்கள். பிளாண்டனும் அதைச் செய்தார். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் மணி அடித்தாற்போல் நின்று கார்வை கொடுத்தது. சுருதி அணுவளவும் பிசகவில்லை. அதோடு, அடியை இரண்டாகவும் நான்காகவும் பிளந்து, குழல் வாத்தியக்காரர்கள் ஊதுவதைப் போன்ற முழு வாக்கியங்களை அந்தப் பிரம்மாண்டமான வாத்தியத்திலிருந்து எழுப்பினார். சில சமயம் வில்லை எடுத்துக்கொண்டு பாடவும் செய்தார். அதுவரையில் கட்டடத்தின் அடித்தளமாக மட்டும் இருந்தது, வாய் திறந்து பேசத் தொடங்கியது.

எல்லிங்டன் இதை மறைத்து வைக்கவில்லை. பேஸை மேடையின் முன்புறத்தில் நிறுத்தினார். அதற்கு இடம் கொடுத்து உருப்படிகள் எழுதினார். 1940 மார்ச் 6-ந் தேதி பதிவான 'ஜாக் தி பேர்' என்னும் உருப்படியில் பேஸ்தான் கதாநாயகன். அதே வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, கோஷ்டியை வீட்டில் விட்டுவிட்டு, பியானோவும் பேஸும் மட்டுமாக நான்கு உருப்படிகளை இருவரும் பதிவு செய்தார்கள்.

நிற்க. அக்காலத்து இசைத்தட்டுகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் இடம் கிடையாது. பதிவு நிலையத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பேஸுக்கோ இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒலி கீழே போகப் போக, தட்டில் விழும் கோடு அதிக அகலமாக ஊசலாடும். அளவு மீறினால் பக்கத்துக் கோட்டில் போய் முட்டிவிடும். ஆகையால் தட்டு வெட்டுகிறவர்கள் கீழ் ஸ்வரங்களைக் குறைத்தே வெட்டுவார்கள். 1925-ஆம் வருஷத்தில் மின்சாரப் பதிவு வருவதற்கு முன், புனல் போன்ற குழாய்க்கு எதிரே நின்று வாசித்த நாட்களில், நிலைமை இன்னும் மோசம். பேஸ் மெலிந்தே கேட்கும் என்பதால் டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழலை அதன் இடத்தில் வைத்து ஊதச் சொல்வதுண்டு. யந்திரம் மனிதர்களைப் போலவேதான் நடந்துகொண்டது. கீழே நின்று சுமக்கிறவனைக் கவனிக்கவில்லை.

ஓர் இரவு முழுவதும், ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவில், பதினைந்து பேர் கொண்ட கோஷ்டியை அந்த வாலிபர் எப்படித் தாங்கினார் என்பதை அறிய நமக்கு வழியே இல்லாமல் போயிருக்கும். வழி செய்தவர்கள் ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள். இவர்கள் பதிவுக் கம்பெனியாரும் அல்ல, பணக்காரர்களும் அல்ல. எல்லிங்டனின் சங்கீதத்தில் மோகம் கொண்ட சாதாரண ரசிகர்கள். ரேடியோ வேலையில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள். 1940 நவம்பர் 7-ந் தேதி, வியாழக்கிழமை, வட டகோட்டா மாகாணத்திலுள்ள ஃபார்கோ நகரில் கிரிஸ்டல் பால்ரூம் என்னும் நடன மண்டபத்தில் எல்லிங்டன் கோஷ்டி வாசிக்கப் போவதாக அறிந்தார்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டார்கள். இதை வியாபாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் அனுமதி வந்தது. அன்றிரவு எல்லிங்டனும் சம்மதித்தார்.

அமெரிக்காவின் வடகோடியில், கனடா எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத சமவெளி நகரம் ஃபார்கோ. நவம்பர் மாதத்துக் குளிர். ரூஸ்வெல்ட் மூன்றாம் முறையாக ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. கோஷ்டியிலும் ஒரு சங்கடம். பல வருஷங்கள் முதன்மை டிரம்பட் ஊதிவந்த கூட்டி வில்லியம்ஸ் அப்போதுதான் விலகியிருந்தார். அவருடைய இடத்துக்கு வந்த ரே நான்ஸ் புத்தம் புதியவர். இப்படிப்பட்ட ஓர் இரவில்தான் இரு இளைஞர்களும் மேடைக்கருகில் தங்கள் யந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்த யந்திரம் தூக்கிச் செல்லக்கூடிய தட்டு வெட்டும் யந்திரம். 16 அங்குல அகலமுள்ள அலுமினியத் தட்டு. அதன்மேல் அரக்கைப் போன்ற மெல்லிய பூச்சு. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வீதம் தட்டு சுழலும்போது ஊசி பூச்சைக் கீறிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிஷம் பதிவு செய்யலாம். கீறலிலிருந்து நூல் போன்ற சுருள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அது ஊசியில் சிக்காமல் தூரிகையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு முடிந்ததும் அவசர அவசரமாக மாற்ற வேண்டும். கோஷ்டி அதற்காகக் காத்திருக்குமா? ஆகையால் சில உருப்படிகள் பாதியில் நின்றிருக்கின்றன. பிசகு நேர்ந்தால் திருத்த வழி கிடையாது. ஒரு தடவை வெட்டியது வெட்டியதுதான். இப்படியாக இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட சங்கீதம் அந்த இரவில் தட்டுகளில் விழுந்தது.

பதிவைக் கேட்கும்போது முதலில் நம் காதில் விழுவது ஜனங்களின் சந்தடிதான். பேச்சும் ஆரவாரமும் இடையிடையே கேட்கின்றன. இது சபையில் கை கட்டி உட்கார்ந்து கேட்ட கச்சேரி அல்லவே. ஆட வந்த கூட்டம். சற்று நேரத்தில் காது பழகிவிடுகிறது. அப்போது, எல்லாவற்றுக்கும் அடியில், தரையே அசைந்து கொடுப்பது போன்ற ஒரு நடையை உணர்கிறோம். அதுதான் பிளாண்டன்.

'கோ-கோ' என்னும் உருப்படியை எடுத்துக்கொள்வோம். அது இருண்ட பாவமுள்ள சங்கீதம். பன்னிரண்டு ஆவர்த்தம் கொண்ட ஒரே சுழல் மீண்டும் மீண்டும் வருகிறது; ஒவ்வொரு முறையும் வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வேகமும் கனமும் கூடிக்கொண்டே போகின்றன. உச்சத்தை நெருங்கும்போது கோஷ்டி முழுவதும் ஒரு வாக்கியத்தை இடிபோலச் சொல்லிவிட்டுச் சட்டென்று நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தில் பேஸ் மட்டும் தனியாகப் பதில் சொல்கிறது. மறுபடி இடி, மறுபடி பேஸின் பதில். ஒரு பக்கம் டிரம்பட்டும் டிராம்போனும் ஸாக்ஸபோனும் ஊதுகிற பதினொரு பேர். எதிர்ப் பக்கம் மரப்பெட்டியும் நான்கு தந்தியும் வைத்துக்கொண்டு ஒரே ஓர் ஆள். ஆயினும் தராசு சரியாகவே நிற்கிறது.

'ஸெபியா பானரமா' என்ற உருப்படியிலும் இதே சம்பாஷணை உண்டு. இங்கே அது சாந்தமாக, தெரிந்த இருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் நடக்கிறது. 'ஸ்டார் டஸ்ட்' என்ற பாட்டில் பென் வெப்ஸ்டர் தமது ஸாக்ஸபோனில் நீண்ட நேரம் உருகி உருகி வாசிக்கிறார். எல்லோரும் மயங்குவது வெப்ஸ்டரின் வாசிப்பில்தான். நாமும் முதல் தடவை அப்படித்தான் மயங்கினோம். இரண்டாவது தடவை கேட்கும்போது வெப்ஸ்டரை விட்டுவிட்டுக் கீழே மட்டும் காதை வைத்தோம். பேஸ் அங்கே ஆடம்பரம் ஒன்றும் செய்யவில்லை. இன்னொருவர் உருகுவதற்கு வேண்டிய தரையை, ஒரு கல்லும் புரளாமல், அடியடியாகப் போட்டுக்கொண்டே போகிறது. தனியாகப் பேசும்போது தெரிந்த திறமையைவிட, பேசாமல் தாங்கும்போது தெரிந்த திறமைதான் நமக்கு அதிக ஆச்சரியமாக இருந்தது. மூன்று நிமிஷத் தட்டுகளிலிருந்து இதை அறிந்திருக்க முடியாது.

அமெரிக்க தேசத்தில் அக்காலத்துக் கறுப்பர்கள் இருந்த நிலைமையையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லிங்டனும் அவர் கோஷ்டியாரும் கறுப்பு இனத்தவர்கள். 1930-களில் தென் மாகாணங்களில் அவர்கள் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, அவர்களுடைய சங்கீதத்துக்கு ஆட மண்டபங்கள் நிரம்பின. படுக்க ஓட்டல்களில் இடம் கிடைக்கவில்லை. ஆகையால் எல்லிங்டன் ரயில் பெட்டிகளைத் தனியாக வாடகைக்கு அமர்த்தி, அவற்றிலேயே தம் ஆட்களைத் தங்க வைத்தார். முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் 1893-ஆம் வருஷத்தில் காந்திஜி தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட வரலாற்றை அறிந்த நமக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தேசத்தின் சங்கீதத்தையே தங்கள் தோள்மீது தாங்கிய ஜனங்களை அத்தேசம் கீழே நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் கீழ் வரிசையிலிருந்து எழுந்த குரல்களில் ஒன்றுதான் ஃபார்கோவில் நாம் கேட்கும் குரல்.

அந்தக் குரல் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஃபார்கோ இரவுக்குப் பிறகு ஒரு வருஷம் கழிவதற்குள் பிளாண்டனுக்கு க்ஷயரோகம் கண்டுவிட்டது. 1941-ஆம் வருஷத்தின் இறுதியில் கோஷ்டியை விட்டு விலகி, கலிபோர்னியாவில் சிகிச்சைக்குப் போனார். 1942 ஜூலை 30-ந் தேதி காலமானார். இருபத்துநான்கு வயது நிறையவில்லை. அந்த நோய்க்கு மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைஸின் 1943-ஆம் வருஷத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று படிக்கும்போது மனம் என்னவோ செய்கிறது. எல்லிங்டனோடு அவர் வாசித்த காலம் ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்குள் அந்த வாத்தியத்தின் போக்கே மாறிவிட்டது. பின்னால் பெரும் புகழ் பெற்ற ஆஸ்கார் பெட்டிஃபோர்ட், ரே பிரவுன், சார்லஸ் மிங்கஸ் முதலிய பேஸ் வித்வான்கள் அனைவரும் அவர் போட்ட வழியில் நடந்தவர்களே.

1963-ஆம் வருஷத்தில் எல்லிங்டன் கோஷ்டி அமெரிக்க சர்க்காரின் ஏற்பாட்டில் கீழை நாடுகளுக்கு வந்தபோது, சென்னைக்கும் கொழும்புக்கும் கூட விஜயம் செய்தது. பிளாண்டன் இருந்திருந்தால் அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுதான் ஆகியிருக்கும்.

ஃபார்கோ தட்டுகள் என்னவாயின? டவர்ஸ் கொடுத்த வாக்கை மீறவில்லை. தட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். எப்படியோ பிரதிகள் வெளியே பரவி, அனுமதியில்லாத பதிப்புகள் உலாவியது உண்மையே. முறைப்படி வெளிவந்தது 1978-ஆம் வருஷத்தில், அதாவது 38 வருஷங்களுக்குப் பிறகு. 1980-ஆம் வருஷத்தில் அதற்குக் கிராமி பரிசு கிடைத்தது. எல்லிங்டன் அப்போது உயிரோடு இல்லை. டவர்ஸ் பிற்காலத்தில் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து அவற்றின் ஒலியை மீட்டுத் தருவதில் நிபுணர் என்று பெயர் வாங்கினார். 2010-ஆம் வருஷம் வரையில் வாழ்ந்தார்.

நேயர்களில் பலருடைய வீட்டில், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம். அதற்குள் தாத்தாவோ பெரியப்பாவோ கோயில் உத்ஸவத்திலும் கல்யாணத்திலும் உட்கார்ந்து பிடித்த பழைய டேப்புகள் கிடக்கலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் டேப் பூசணம் பிடித்துப் போகும். காந்தப் பூச்சு உதிரும். பிடித்து வைத்தவர் போய்விட்டார். அதில் பாடியவரும் போயிருப்பார். பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். கிடைத்த யந்திரத்தில் போட்டு அறுத்துவிடாமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் செய்யுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பாட்டு, யார் பக்க வாத்தியம் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு மேலே எழுதி வையுங்கள்.

எழுதும்போது, தம்புரா போட்டவர் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.